செண்பகவல்லி அக்காவின் நான்காவது சுற்று

செய்தி என் மணிக்கட்டுக்கு வந்தது. காலை ஆறு இருபது. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். வாட்ச் அதிர்ந்தது. அதன் சின்னத் திரையில் எங்கள் பயிற்சிக் குழுவுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியின் முதல் வரி மட்டும் தெரிந்தது: "மீனா: அத்தை இன்னைக்குக் காலையில".

மீனா, செண்பகவல்லி அக்காவின் மருமகள். இப்படித் தொடங்கும் செய்திகளை அவரிடமிருந்து ஒன்பது வருடமாகப் படித்து வந்திருக்கிறோம். அத்தை இன்னைக்குக் காலையில வாட்ச்சை சார்ஜ்லயே மறந்துட்டு வந்துட்டாங்க, யாராச்சும் சொல்லிடுங்க. அத்தை இன்னைக்குக் காலையில என் ஷூவைப் போட்டுட்டு வந்துட்டாங்க. அதனால் நான் நிற்கவில்லை. அந்தக் கிலோமீட்டர் முடிய நானூறு மீட்டர் பாக்கி இருந்தது. அக்கா இன்றைக்கு எதை மறந்திருப்பார் என்று யோசித்துச் சிரித்தபடியே ஓடி முடித்து, அதன் பிறகுதான் முழுச் செய்தியையும் படித்தேன். அக்கா போய்விட்டார்.

பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். வயது அறுபத்து நான்கு.

அந்த நானூறு மீட்டரை நினைத்து இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. அவரை நினைத்தால் சிரிப்பு வருவது என் குற்றமில்லை.

அவரை எங்கள் குழுவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நான் அவரைவிட ஒரு வயது மூத்தவன். ஆனாலும் அக்கா என்பேன். அவர் திருநெல்வேலிப் பக்க வழக்கப்படி என்னை அண்ணாச்சி என்பார். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வலிக்கு மருத்துவர் நீச்சல் பழகச் சொன்னார். நீச்சலோடு நிறுத்திக்கொள்ளும்படி எந்த மருத்துவரும் சொல்லவில்லை என்பது அக்காவின் வாதம். மீனாவின் சைக்கிளை எடுத்தார். பிறகு ஓடத் தொடங்கினார். மூன்றும் சேர்ந்தால் அதற்கு டிரையத்லான் என்று பெயர் என்பதை அவருக்குச் சொன்னவன் நான். அதற்காக மீனா என்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

அக்காவுக்கு தியாகராய நகரில் மூன்று மாடிப் பாத்திரக்கடை. கணவர் மறைந்த பிறகு அவரே நடத்தினார். கல்லாவில் பட்டுச் சேலையும் தங்க வளையலுமாக உட்கார்ந்திருப்பார். வளையல்களுக்கு மேலே, சின்ன வடைத் தட்டு அளவுக்குக் கறுப்பாக அந்த வாட்ச். "இவ்ளோ பெருசா இருக்கே, மணி பாக்கவா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம், "மணியைத் தவிர மத்தது எல்லாம் காட்டும்மா" என்பார். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால், எழுந்து நடக்கச் சொல்லி வாட்ச் ஒலி எழுப்பும். உடனே அக்கா எழுந்து மூன்றாம் மாடிவரை ஏறி, இட்லிக் கொப்பரைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவார். ஒருநாள் நான் கீழே நின்றிருந்தபோது வாட்ச் ஒலித்தது. அடுத்த நொடி விற்பனைப் பெண் ஒருத்தி மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய், வாட்ச் அடிச்சிடுச்சு! போனை உள்ள வைங்கடி, அம்மா மேல வராங்க!"

ஆயுத பூஜைக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கடையில் தராசு, பூட்டு, கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், சைக்கிளுக்கும் வைத்தார். வாட்ச்சை விடலாமா? கண்ணாடி மேல் வைத்தால் எண் தெரியாது. எனவே திருப்பிப் போட்டுப் பின்பக்கம் கெட்டியாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். மணிக்கட்டில் நாடித் துடிப்பைப் படிக்கும் பச்சை விளக்கு இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். அடுத்த ஞாயிறு கடலில் இறங்கும் முன் பார்த்தால், துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள்.

ஊரூர் குப்பத்துத் தேசப்பன் அன்றும் படகோடு நின்றிருந்தார். நாங்கள் நீந்தும்போது பாதுகாப்புக்குக் கூடவே படகில் வருபவர் அவர்தான். வாட்ச்சை எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, நெஞ்சு துடிக்கலன்னு காட்டுது. நீ இன்னா பேசிக்கினே கீற?"

"சாமி கும்பிட்ட வாட்ச்சுய்யா அது, பொய் சொல்லாது."

"அப்ப வூட்டுக்குப் போய் படுத்துக்கோ. உன்னிய படகுல தூக்கிப் போட என்னால ஆவாது."

அக்கா துண்டால் சந்தனத்தைத் துடைத்தார். எழுபத்தெட்டு என்று காட்டியது. தேசப்பன் கடலைப் பார்த்துக் கும்பிட்டார்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், ஈரம் காய்வதற்குள் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். இத்தனையையும் நான்கு மணி நேரத்துக்குள் முடித்து ஒரு பதக்கம் வாங்க வேண்டும். முதல் வருடம் அலை அதிகம். தேசப்பன் படகில்தான் கரைக்கு வந்தார். இரண்டாம் வருடம் முடித்தார், இருபது நிமிடம் தாமதமாக. அதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

மூன்றாம் வருடம் அவருக்கு வயது அறுபத்தொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போட்டி. நான் பாதித் தூரப் போட்டியில் கலந்துகொண்டு முன்பே முடித்துவிட்டு, எல்லைக்கோட்டில் நின்றேன். மூன்று மணி நாற்பத்தொன்பதாவது நிமிடத்தில் அக்கா ஓடி வந்தார். பதக்கத்தைக் கழுத்தில் போட்டவரையே கட்டிப்பிடித்து அழுதார். நான் அன்று மாலையே எங்கள் பத்திரிகை அலுவலகம் போய் நாலு பத்தி எழுதினேன். திங்கட்கிழமை படத்தோடு வந்தது. கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சுவீட் கொடுத்தார்களாம்.

அன்று மதியம் மீனா வாட்ச்சில் இருந்ததை போனில் ஏற்றினார். செயலி தானாகவே வாழ்த்து ஒன்றை அனுப்பியது: பத்து கிலோமீட்டர் ஓட்டம், இருபத்தைந்து நிமிடம், உங்கள் புதிய சாதனை! அது உலக சாதனையைவிட வேகம். குழுவில் கேலி தொடங்கியது. "அக்கா, அடுத்த ஒலிம்பிக்ஸ் உங்களை நம்பித்தான்." "மச்சி, பாத்திரக்கடைல என்ன சாப்பாடு போடறாங்கன்னு கேளு." நானும் என் பங்குக்கு ஏதோ எழுதினேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் கடைக்கு வாரீயளா?" குரலில் கேலி இல்லை.

மூன்றாம் மாடியில், கொப்பரைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போனை என்னிடம் நீட்டினார். "நான் சைக்கிள்ல எத்தனை சுத்து சுத்தியிருக்கேன், நீங்களே எண்ணுங்க."

பத்து கிலோமீட்டர் சுற்று, நான்கு முறை சுற்ற வேண்டும். எண்ணினேன். மூன்றுதான் இருந்தது.

நடந்தது இதுதான். இந்த வாட்ச்சில் ஒரு பொத்தான் உண்டு. சாதாரணமாக சைக்கிள் பயிற்சி செய்யும்போது ஒரு சுற்று முடிந்ததும் அதை அமுக்கினால், சுற்றுக் கணக்கு ஒன்று கூடும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போனது. ஆனால் போட்டிக்கான முறையில் அதே பொத்தானுக்கு வேறு வேலை. கடலை விட்டு ஏறியதும் அமுக்கினால் நீச்சல் முடிந்தது என்று புரிந்துகொள்ளும், சைக்கிளை எடுத்ததும் அமுக்கினால் சைக்கிள் தொடங்கியது என்று புரிந்துகொள்ளும். அக்கா சுற்றுக்கு ஒரு முறை அமுக்கினார். முதல் சுற்று முடிந்ததும் வாட்ச் அவர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டதாக நினைத்தது. இரண்டாவது முடிந்ததும் ஓடுகிறார் என்று நினைத்தது. மூன்றாவது முடிந்ததும், எல்லாம் முடிந்தது, வாழ்த்துகள் என்றது. சைக்கிளில் ஏறும்போது அமுக்கியதையும் சேர்த்து விரல் கணக்கில் நாலாகிவிட்டது. அக்கா இறங்கிவிட்டார். ஓட்டத்துக்கு வாட்ச்சைப் புதிதாகத் தொடங்கிக்கொண்டார். அந்த உலக சாதனை ஓட்டம், அவருடைய மூன்றாவது சைக்கிள் சுற்று.

போட்டியை நடத்தியவர்களும் கவனிக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் நகரச் செய்தி எழுதிய நானும் எத்தனை சுற்று என்று கேட்கவில்லை. நாலாவது சுற்றையும் போட்டிருந்தால் நான்கு மணி நேரம் தாண்டியிருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. "யாரும் கேக்கலையேக்கா. விட்டுடுங்களேன்" என்றேன்.

அக்கா என்னை அதிசயமாகப் பார்த்தார். "குக்கரை வித்துட்டு, வெயிட்டை வச்சு அனுப்ப மறந்துட்டம்னு வைங்க. அவுக வந்து கேக்கட்டும்னா இருப்போம்? நாமதான் ஆள் விட்டு அனுப்புவோம்." பிறகு கேட்டார்: "பேப்பர்ல திருத்தம்னு ஒண்ணு போடுவீயள்லா? அதுக்கு எத்தனை நாளாவும்?"

பதக்கத்தை மறுநாளே போட்டி நடத்தியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். திருத்தம் போடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "இதுக்கெல்லாமா சார் திருத்தம்?" என்றார் எங்கள் செய்தி ஆசிரியர். "தப்பு என்னுது, போடுங்க" என்றேன். ஐந்து வரி வந்தது: செண்பகவல்லி சைக்கிளில் நான்கு சுற்றுகளை முடித்ததாகச் செய்தி வெளியானது. அவர் முடித்தது மூன்று சுற்றுகளே. தவறுக்கு வருந்துகிறோம்.

அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்துக்கொண்டு அதே சாலைக்குப் போய், விட்டுப்போன ஒரு சுற்றைச் சுற்றினார். பதக்கம் இல்லை, பந்தல் இல்லை. திரும்பும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். "இப்பதான் அண்ணாச்சி கால் வலிக்கி. அன்னைக்கு வலிக்கவே இல்லை, அப்பமே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால், சாமி படங்களுக்குக் கீழே, ஏதோ லேமினேட் செய்து மாட்டியிருந்தது. நான் எழுதிய நாலு பத்திச் செய்தியாக இருக்கும் என்று பெருமையோடு கிட்டப் போனேன். அந்த ஐந்து வரித் திருத்தம்.

"அக்கா, படத்தோட வந்ததை விட்டுட்டு இதையா மாட்டுவாங்க?"

"அது நீங்க பாத்து எழுதினது. இது நான் கேட்டு வாங்கினது" என்றார்.

அடுத்த வருடம் எனக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு. ஓட முடியாது. எனவே சுற்று முடியும் இடத்தில் பேனாவும் அட்டையுமாக நிற்கும் தொண்டர் வேலை கேட்டு வாங்கினேன். அக்கா, கடையில் பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் பேண்டுகள் நாலை சைக்கிளின் இடது கைப்பிடியில் மாட்டி வந்தார். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒன்றைக் கழற்றி வலது கைப்பிடிக்கு மாற்றினார். வாட்ச் பக்கம் விரலே போகவில்லை. என்னைக் கடக்கும்போதெல்லாம் சாலையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "அண்ணாச்சி, ஒண்ணு!" "ரெண்டு, எழுதியாச்சா?" மூன்றாவது முறை வரும்போது மூச்சு வாங்கியது, மூன்று விரலை மட்டும் காட்டினார். அட்டையில் மூன்றாவது கோட்டை அழுத்திப் போட்டேன். நாலாவது முறை வந்தபோது கத்தியது நான்.

அதன் பிறகு ஓட்டம். எல்லைக்கோட்டை அவர் தாண்டியபோது மூன்று நிமிடம் மீதி இருந்தது. வாட்ச்சை நிறுத்தினார், சேமிக்கும் பொத்தானை இரண்டு முறை சரிபார்த்து அமுக்கினார், அதற்குப் பிறகுதான் பதக்கத்துக்குத் தலை குனிந்தார். இந்த முறை அழவில்லை. என்னிடம் வந்து சொன்னார்: "இதை எழுதிப்புடாதீய அண்ணாச்சி. ஒரு தடவை எழுதிப் பட்ட பாடு போதும். நான் போன பொறவு வேணும்னா எழுதுங்க. அப்பம் திருத்தம் கேக்க ஆள் வராது."

அதனால் எழுதவில்லை. இரண்டு வருடம் சட்டைப் பையில் வைத்திருந்ததுபோல வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து அந்த லேமினேட் அட்டையைக் கழற்றி மீனா என்னிடம் கொடுத்தார். வாட்ச்சை மீனாவே கட்டிக்கொண்டிருக்கிறார். கடையில் அது ஒலித்தால் அவர் மூன்றாம் மாடி ஏறுகிறார். விற்பனைப் பெண்கள் போனை உள்ளே வைக்கிறார்கள். அட்டை இப்போது என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, எதைக் கேட்காமல் விட்டேன் என்று யோசிக்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.

அவர் கொடுத்த அனுமதியின்படி, தாமதமான செய்தி இதோ:

சென்னை தியாகராய நகரைச் சேர்ந்த பாத்திரக்கடை உரிமையாளர் செண்பகவல்லி, வயது 62, கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்தி, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, பத்து கிலோமீட்டர் ஓடி, மூன்று மணி ஐம்பத்தேழு நிமிடத்தில் டிரையத்லான் போட்டியை முடித்தார். சைக்கிளில் அவர் சுற்றியது நான்கு சுற்றுகள். எண்ணியவர் இந்தச் செய்தியாளர்.