டைரிக்குத் தார்ப்பாய்

போன வாரம் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். பெட்டி இல்லை!

என்ன பெட்டி என்கிறீர்களா? என் டைரிப் பெட்டி. ஒன்பதாவதோடு படிப்பு நின்ற வருஷம் எழுத ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை. மளிகைக் கடையில் சும்மா கொடுக்கும் டைரி, அது கிடைக்காத வருஷம் பிள்ளைகள் மிச்சம் வைத்த நோட்டு... எல்லாம் அந்தத் தகரப் பெட்டியில்தான். பூட்டு உண்டு. சாவி கடுகு டப்பாவில்.

வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு டைரியில் என்ன ஒளிவு மறைவு? கேட்பீர்கள். நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள். எதிரில் வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். டைரியைப் படிக்கக்கூடிய ஆட்கள் வீட்டுக்குள்ளேயே அல்லவா இருக்கிறார்கள்!

வீட்டு ஆட்கள்மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணம் உண்டு. கொஞ்ச நாள் முன்பு புதுச்சேரியிலிருந்து ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்துப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். என்னைப் போன்ற சாதாரண ஆட்களின் டைரிகளை வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களாம். பின்னால் பிறக்கப்போகிறவர்கள் படிப்பார்களாம்.

"உங்க காலத்துக்கு அப்புறம்தான் மத்தவங்களுக்குக் காட்டுவோம் மேடம். எழுதியே குடுத்துடறோம்."

"நீங்க சொன்னபடி செய்யறீங்களான்னு அப்போ நான் வந்து பார்க்க முடியாதுங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கொடுக்க மனசு வரவில்லை. கொடுக்காமலும் இருக்க முடியாது. எங்கள் மரக்காணத்து உப்புக்காற்று பெட்டியின் அடித்தகரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. இந்த மழையைத் தாங்குமா? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. முதல் ஆளாகக் கூனிமேட்டிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள் என் நாத்தனார் குமாரி. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) கையில் வஞ்சிரம்.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணி."

சும்மா வருகிறவள் வஞ்சிரத்தோடு வருவாளா? மீனைக் கழுவும்போது விஷயம் வெளியே வந்தது.

"அண்ணி... அப்போ மாமியார்கிட்ட சண்டை போட்டுட்டு இங்க வந்து கெடந்தேனே. அழுதுக்கிட்டு என்னென்னமோ சொன்னேனே. அதெல்லாம் எழுதி வச்சிருக்கியா?"

"ஞாபகம் இல்லம்மா."

"கம்ப்யூட்டர்ல ஏத்துனா என் மருமவ செல்லுல பார்த்துடுவா அண்ணி! அப்புறம் அவ என்னை மதிப்பாளா?"

மழையைச் சாக்கு வைத்து அவள் இங்கேயே தங்கிவிட்டாள். எனக்கென்னவோ மழைமேல் நம்பிக்கை இல்லை.

என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். உப்பளத்தில் மேஸ்திரி. மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது, வீட்டில்தான் இருப்பார். "குடுத்துடேன், பத்திரமா இருக்கும்ல?" என்று தினமும் ஆரம்பித்துவிட்டார். என் டைரிமேல் இவருக்கு எப்போதிலிருந்து இத்தனை அக்கறை?

இந்த நேரத்தில்தான் பெட்டியைக் காணோம்!

"ஏங்க, பெட்டி எங்க?"

"அடி ஓட்டையாயிடுச்சு. எல்லாத்தையும் எடுத்துக் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்."

"பூட்டியிருந்துச்சே?"

"தூக்கினேன், அடிவழியா கொட்டிடுச்சு."

"படிச்சீங்களா?"

"உன் எழுத்தையா? டாக்டர் சீட்டையே படிச்சிடலாம்."

சட்டென்று பதில் வந்தது. முன்னாடியே யோசித்து வைத்திருப்பாரோ?

மூட்டையை இறக்கினார். பார்த்தால்... உப்புக் குவியலை மழைக்கு மூடுகிற பழைய தார்ப்பாய்!

"எவ்ளோ மழை அடிச்சாலும் உப்பு கரையாது. அவ்ளோ கெட்டி தார்ப்பாய்!" என்றார் பெருமையாக.

உப்பளத்து ஆளுக்குத்தான் இப்படித் தோன்றும். உப்பையே காப்பாற்றுகிற பொருள் காகிதத்தைக் காப்பாற்றாதா? ஆனால் அதன் மடிப்பெல்லாம் உப்பு. மழைக்காலத்து ஈரக்காற்றில் அந்த உப்பு கசிந்து, டைரிகள் ஊறிப்போயிருந்தன. பேனா மையில் எழுதிய பக்கங்கள் நீலமாக வழிந்தன. அவர் முகம் தொங்கிப்போனது.

வெளியே வெயிலே இல்லை. ஃபேனுக்குக் கீழே கூடம் முழுக்கப் பரப்பினோம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஊதி ஊதிப் பிரிக்க வேண்டும். என் ஒருத்தியால் ஆகுமா? யார் கண்ணில் படக் கூடாது என்று பூட்டி வைத்தேனோ, அவர்கள் இரண்டு பேர் கையிலும் நானே எடுத்துக் கொடுத்தேன்!

என் கண் டைரியில் இல்லை. அவர்கள் முகத்தில்தான் இருந்தது. அவர் ஒவ்வொரு தாளையும் மெதுவாகப் பிரித்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். குமாரிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சத்தமாகவே படித்தாள்.

"'இன்று நல்ல மழை. சுரைக்காய் சாம்பார். குமாரி வந்தாள்.' அவ்ளோதானா?" அடுத்த தாளைப் பிரித்தாள். "'வெயில். குமாரி ஊருக்குப் போனாள்.' அண்ணி! விடிய விடிய அழுதேனே! சுரைக்காய எழுதியிருக்க, நான் அழுதத எழுதலையே?"

பயந்து வந்தவளுக்கு இப்போது கோபம்.

"என்னப் பத்தி இருக்குதா பாரு" என்றார் அவர்.

"இருக்குதுண்ணா. 'அவர் வேலைக்குப் போனார்.'"

"அப்புறம்?"

"'அவர் வந்தார்.'"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உதிர்ந்த உப்பைக் கூட்டப் போய்விட்டேன்.

கூட்டும்போதுதான் உறைத்தது. யாராவது படித்துவிட்டால்? ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுச் சாம்பாரை எழுதியிருக்கிறேன். நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நம்ப மாட்டோம். இன்னும் பிறக்காதவர்களை நம்பிப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைப்போம். அந்தப் பிறக்காதவர்கள் வந்து திறந்து பார்த்தால்... சுரைக்காய்!

கொஞ்சம் பக்கங்கள் போயே போய்விட்டன. மிச்சம் காய்ந்ததும் புதுச்சேரிப் பெண்மணிக்குப் போன் போட்டேன்.

"மழை, வெயில், கொழம்புதாங்க இருக்குது. பரவாயில்லையா?"

"அதுதான் மேடம் எங்களுக்கு வேணும்!"

எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது. இருந்தாலும் கொடுத்துவிட்டேன். இன்னொரு மழைக்கு வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பஸ் ஏறும்போது குமாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. "இனிமேலாச்சும் உருப்படியா எதையாவது எழுது அண்ணி" என்றாள்.

அன்று சாயங்காலமே புது நோட்டு ஒன்றை எடுத்தேன். குமாரி அழுதுகொண்டே சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினேன். ஞாபகம் இல்லாமல் என்ன? எல்லாம் இருக்கிறது. அவர் போனார், வந்தார் என்பதற்கு நடுவில் நடந்ததையும் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன்.