கதவருகே நிற்கும் விளக்குக்காரன்

வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றத் தெம்பில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் வந்தாள். தண்ணீர் கொண்டுவருகிறாளாக்கும் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து என் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெற்ற பிள்ளை, என்ன சொல்வது. சோறு வைத்துக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை.

“எப்பத்தாண்டி முடியும் அந்த கேமு?”

“இது முடியாதும்மா. சீசன் சீசனா வந்துக்கிட்டே இருக்கும்.”

“கடைசின்னு ஒன்னு இருக்கும்ல?”

“இல்லவே இல்ல” என்றாள், என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டு.

கேட்டதும் எனக்கு இன்னும் அசதியாகிவிட்டது. நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பேர், வயசு, வெறும் வயிறா, சாப்பிட்டாச்சா. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். வீட்டுக்கு வந்தால் பாத்திரம். துலக்கிக் கவிழ்த்த கையோடு அடுத்த வேளைக்கு அரிசி களைய வேண்டும். துவைத்ததைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் அழுக்குக் கூடை நிறைந்திருக்கும். ‘அப்பாடா, முடிந்தது’ என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டு எழுந்திருக்கிற மாதிரி ஒரு வேலைகூட என்னிடம் இல்லை. விளையாட்டாவது முடியக்கூடாதா?

அவளிடமிருந்து போனைத் திருப்பி வாங்கியபோது சுடச்சுட இருந்தது. அந்தச் சூட்டில் ஒரு வாசனை வந்தது, தூசி காய்ந்த மாதிரி, பிளாஸ்டிக் லேசாக வெந்த மாதிரி. மதுரைப் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு டிவி கேமின் அடாப்டரில் இதே வாசனைதான் வரும். நீங்களும் அந்தக் காலத்தில் டிவி கேம் வைத்திருந்தவர் என்றால் இப்போது உங்கள் மூக்குக்கும் அது வந்திருக்கும்.

அப்பா ஒரு லாரி உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தார். ஒரு தீபாவளி போனஸுக்கு டவுன்ஹால் ரோட்டில் அந்த டிவி கேமை வாங்கிவந்தார். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அதற்குள் இருப்பதாக மேலே அச்சடித்திருந்தது. அண்ணன் அப்போது எட்டாம் வகுப்பு, நான் ஐந்தாவது. அத்தனையையும் ஒன்றுவிடாமல் முடித்துவிடுவது என்று முடிவுசெய்தோம். முடித்ததையும் முடிக்காததையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஒரு டைல்ஸ் கடை ஓசியில் கொடுத்த டைரியை எடுத்து நான் எழுத ஆரம்பித்தேன். விளையாடுவது அண்ணன், எழுதுவது நான். இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விளையாட்டின் பேரெல்லாம் ஆங்கிலத்தில் ஓடும், படிப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் நானே பேர் வைத்தேன். கப்பல்காரன். தவளை ராஜா. பாலைவன வண்டி. ஒவ்வொன்றும் முடிந்ததும் பத்திரிகையில் போடுகிற மாதிரி ‘இனிதே நிறைவுற்றது’ என்று எழுதி, கீழே என் கருத்தைச் சொல்வேன். ‘கடைசி அரக்கன் அண்ணனை ரொம்பப் படுத்திவிட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது.’ ‘தவளை ராஜாவுக்கு முடிசூட்டினார்கள். ஆனால் அவன் சிரிக்கவில்லை.’ பெரிய விமர்சகி என்று நினைப்பு.

பாதி டைரி நிறைந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கேசட்டில் இருந்தது கொஞ்சம் விளையாட்டுகள்தான். ஒரே தவளை, வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வேறு எண்ணில் வந்துகொண்டிருந்தது. நான் அதற்கெல்லாம் தவளை இளவரசன், தவளை மந்திரி, தவளையின் சித்தப்பா என்று தனித்தனியாகப் பேர் வைத்து, தனித்தனியாக ‘இனிதே நிறைவுற்றது’ என்றும் எழுதியிருந்தேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஒரு தவளைக்கு எம்புட்டுச் சொந்தம் பாரு!” பக்கங்களைக் கிழிக்கலாம் என்றேன். அவன் விடவில்லை. “கிழிக்காத பாப்பா. முடிச்சது முடிச்சதுதான்.”

சரஸ்வதி பூஜைக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு அந்த டைரியையும் அடுக்கி வைத்தேன். அப்பா பார்த்துவிட்டார். “அந்தம்மாவுக்கு வேற சோலியே இல்லையாக்கும்?” என்றார். ஆனாலும் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

ஒருநாள் நான் டியூஷன் முடித்து வந்தபோது அண்ணன் துள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பல நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கோட்டை விளையாட்டை முடித்துவிட்டானாம். “எழுது, எழுது” என்றான்.

“நான் பாக்கல. எழுத மாட்டேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?”

“பொய்யின்னு சொல்லல. நான் பாக்கல.”

அடிக்கக் கையை ஓங்கினான். அம்மா வந்து விலக்கிவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்த டிவி கேமில் நடுவில் நிறுத்திப் பாதுகாத்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. அணைத்தால் போயிற்று, முதலிலிருந்துதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோட்டை விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். கட்டைவிரல் சிவந்து கொப்புளம் கண்ட பிறகு, மத்தியானத்துக்கு மேல், கோட்டை இரண்டாம் முறையாக விழுந்தது. “பாத்துட்டியா? இப்ப எழுது.” எழுதினேன். அன்றிலிருந்து அது எங்களுக்குள் சட்டமாகிவிட்டது. இரண்டு பேரும் பார்த்தால்தான் முடிந்தது என்று கணக்கு. அன்று சாயங்காலம் ரவுண்டானாப் பக்கம் கூட்டிப்போய் எனக்குப் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தான். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கியதை என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

அண்ணன் காலேஜில் சேர்ந்தபோது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. படிக்கத்தான் வாங்கினோம் என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார், நாங்களும் அப்படியே சொன்னோம். அது கரண்ட் கட் ஆகிக்கொண்டே இருந்த காலம். எப்போது போகும் என்று ஒரு நேரம் சொல்வார்கள், அந்த நேரத்துக்குப் போகாது, மற்ற நேரத்துக்கெல்லாம் போகும். யூபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தால் வீடே பதறும். “சேவ் பண்ணியா? சேவ் பண்ணியா?” நாளாக நாளாக அது வீட்டு வார்த்தையாகிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, “தோசை ஆறுது, சேவ் பண்ணிப்புட்டு வாங்க ரெண்டு பேரும்” என்பாள். அப்பா குளிக்கப் போகுமுன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சேவ் பண்ணிட்டேன், யாரும் தொடாதீங்க” என்பார். இன்றைக்கும் ஸ்கேன் சென்டரில் கரண்ட் போனால் என் வாய் முதலில் அதைத்தான் சொல்கிறது.

கம்ப்யூட்டரில் கடைசியாக நாங்கள் விளையாடியது விளக்குக்காரன். அதன் நிஜப் பேர் என்னவோ, குறுந்தகட்டின் மேல் யாரோ கிறுக்கியிருந்தது எங்களுக்குப் புரியவில்லை. பனி மூடிய ஒரு நாடு. ஒருவன் கையில் விளக்கோடு காணாமல்போன மகளைத் தேடி நடக்கிறான். அவ்வளவுதான் கதை. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளம் கொதித்து, அந்தச் சூடு மின்விசிறி வழியாக எங்கள் தலையில் இறங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் பனியில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ‘பாவம், ஒரு சட்டைகூடச் சரியாக இல்லை’ என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அவனிடம் எனக்குப் பிடித்தது, நாம் எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டால் கொஞ்ச நேரம் நிற்பான், பிறகு விளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவனுக்கும் கால் வலிக்கும்தானே.

கோடை முழுக்க நடந்து ஒரு பெரிய கதவுக்கு முன்னால் வந்து சேர்ந்தான். இதுதான் கடைசி என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த வாரம்தான் அண்ணனுக்குப் புனேயில் வேலை கிடைத்து, உடனே வரச்சொல்லித் தகவல் வந்தது. துணி எடுக்க, பெட்டி வாங்க, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள என்று நாள் ஓடிவிட்டது. கிளம்புகிற அன்று, ஆட்டோ வந்து நிற்கும்போது, அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“தீபாவளிக்கு வாரேன். வந்து முடிப்போம். அதுவரைக்கும் நீ கதவைத் திறந்துறாத.”

“நான் எங்க திறக்கப் போறேன். நீ மறந்துறாத.”

“மறப்பேனா? சட்டம்ல.”

தீபாவளிக்கு வந்தான். ரயிலில் நின்றுகொண்டே வந்ததாகச் சொல்லி ஒரு நாள் முழுக்கத் தூங்கினான். அடுத்த நாள் கூட்டாளிகள் வந்து கூட்டிப்போனார்கள். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணுக்குப் பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்டதற்கு, அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் “கோலம்” என்றாள். எனக்கு நேராக ஒரு கோடு இழுக்க வராது. கல்யாணமாகித் திருமங்கலம் வந்தேன். குழந்தை பிறந்தது. அப்பா இறந்தார். அண்ணன் வந்த சமயமெல்லாம் வீடு நிறையச் சனம், இல்லையென்றால் கண் நிறையத் தூக்கம்.

நான் மட்டும் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மேல் போட்டிருக்கிற பழைய தலையணை உறையை உதறி, தூசி தட்டிவைப்பேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பேன். இரண்டொரு தடவை போட்டுப் பார்த்ததும் உண்டு. கதவுக்கு முன்னால் அவன் நிற்பான். மூச்சு புகையாக வரும். பிறகு விளக்கைக் கீழே வைத்துவிட்டு உட்காருவான். திறந்துவிட எனக்குக் கை துறுதுறுக்கும். மகள் கிடைத்தாளா என்று தெரிந்துகொள்ளாமல் வருஷக்கணக்கில் இருப்பது லேசில்லை. ஆனாலும் அணைத்துவிடுவேன். மாமியார் வீட்டில் ஏதாவது பேச்சாகி மனசு விட்டுப்போய் வருகிற நாட்களில், அண்ணனும் நானும் முடிக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்கிற நினைப்பே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பல வருஷம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த அதே வாரம் அண்ணன் மதுரைக்கு வந்தான். அம்மாவைப் புனேவுக்குக் கூட்டிப்போகிறான், பழங்காநத்தம் வாடகை வீட்டை ஒப்படைக்க வேண்டும். எனக்கு லீவு தரவில்லை. மத்தியானம் வேலை நடுவில் போன் செய்தான். பின்னால் பழைய சாமான்காரர் எடைபோடுகிற சத்தம் கேட்டது.

“பாப்பா, இந்தக் கம்ப்யூட்டரையும் போட்டுறவா? சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு.”

“அண்ணே, அத மட்டும் போட்டுறாத. விளக்குக்காரன் இருக்கான்ல.”

“எவன்?”

சொன்னேன். சிரித்தான். பிரியமாகத்தான் சிரித்தான்.

“அடியாத்தி, அதை இன்னுமா வச்சிருக்க? நான் அப்பவே முடிச்சுட்டேன் பாப்பா. போன புதுசுல, ரூம்ல ஒருத்தன் லேப்டாப்புல வச்சிருந்தான். பொழுதே போகாது அப்ப.”

“போன புதுசுலயா?”

“ஆமா. மொத மாசம்னு நினைக்கேன்.”

மேசைக்கு முன்னால் ஒரு பெரியவர் டாக்டர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

“கடைசில என்னாச்சுண்ணே? மக கிடைச்சாளா?”

யோசித்தான். எனக்காக உண்மையாகவே யோசித்தான், அதையும் சொல்ல வேண்டும்.

“கிடைச்சான்னுதான் நினைக்கேன்... இல்ல, அவன்தான் என்னமோ... ஞாபகம் வரல பாப்பா. நெட்டுல போட்டா அம்புட்டும் வீடியோவா வந்துருமே. பாத்துக்க. இதை என்ன பண்ண, அவரு நிக்காரு.”

“போட்டுரு” என்றேன்.

பெரியவரிடம் பேர் கேட்டேன், வயசு கேட்டேன், சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்டேன்.

நெட்டில் இருக்கும்தான். இதுவரை தேடிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் போனதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, அது ஓடியே பல வருஷமாகியிருக்கும். அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்கிறான், குழந்தைக்குத் துணி அனுப்புகிறான், அவனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கேயோ தூரத்து ஊரில் ஒருவன், தங்கச்சி இல்லாமல் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்று இருக்கிறான். அதை நம்பித்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன், அண்ணன் புனே போன முதல் மாதத்திலேயே இல்லாமல் போய்விட்டான். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.