உம்மா ஓட்டிவிட்ட இடம்

ஒரு படத்தை முழுதாகப் பார்க்காமல் அதைக் குப்பை என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தைத் தொடங்கிவைத்தவர், ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் மாப்பிள்ளை.

கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர் மச்சான். வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுவார். பறக்கும் வீரன் படத்தின் இரண்டாம் பாகம் வந்திருந்த நேரம். முதல் பாகத்தின் கால்தூசிக்குக்கூட வராது என்று பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் ஒரு கூட்டம் சொல்லித் திரிந்தது. மச்சான் எழுதட்டும், அப்போது பாருங்கள் என்று நான் சவால் விட்டிருந்தேன்.

தமிழில் பேசும் சீடி ஒன்று கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ரிமோட் உம்மாவின் கையில். வீரனும் மனைவியும் சற்று நெருங்கினால் போதும், உம்மா அந்த இடத்தை வேகமாக முன்னே ஓட்டிவிடுவார். படத்தின் நடுவில் மனைவி அவன் தோளில் சாய்ந்தாள். உம்மா ஓட்டினார். படம் திரும்ப வழக்கமான வேகத்துக்கு வந்தபோது வீரன் சக்தியெல்லாம் துறந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மச்சான் நெற்றியைச் சுருக்கினார்.

மறுநாள் உம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். நீ உலகத்தைக் காப்பாற்றப் போகும்போதெல்லாம் நான் தனியே பயந்து கிடக்கிறேன் என்று அவள் அழுகிறாள். அதற்காகத்தான் அவன் சக்தியை விடுகிறான். படத்தின் உயிரே அங்கேதான் இருந்தது.

அடுத்த வாரப் பத்திரிகையில் மச்சான் எழுதியிருந்தார்: வீரன் ஏன் சக்தியைத் துறந்தான் என்பது இயக்குநருக்கே தெரியாதாம். முதல் பாகத்தின் பெயரைக் கெடுக்க வந்த படமாம். வகுப்பில் அதை உரக்க வாசித்தார்கள். "ஒங்கட மச்சானே எழுதிட்டாரு. இனி என்ன கதைக்கப்போறாய்?" என்றான் ஒருவன். இயக்குநருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர் விமர்சகர் ஒருவர்தான்.

புத்தகப் பையைக்கூட இறக்காமல் மச்சான் முன்னால் போய் நின்றேன்.

"உம்மா ஓட்டின இடத்துலதான் காரணம் இரிக்கி. ஓட்டாதீங்க மாமிண்டு ஏன் நீங்க சொல்லல்ல?"

மச்சான் குசினிப் பக்கம் பார்த்தார். உம்மா அங்கே மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"மெல்லக் கதை தம்பி. புருசன் பொஞ்சாதி நெருங்கிற இடத்தக் காட்டுங்கண்டு மாமிக்கிட்ட நான் என்னெண்டு கேக்கிற?"

"அப்ப அந்த இடம் பாக்கல்லண்டாவது எழுதியிரிக்கலாமே."

"மாமி ஓட்டிட்டாண்டு பேப்பர்ல போடவா?"

இதெல்லாம் ஒரு நியாயமா? பெரிய பெரிய இயக்குநர்களைக் கிழித்துப் போடுகிறவர் எங்கள் உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம். எல்லாம் திமிர் என்று முடிவுகட்டினேன். அன்று சோற்றுக்கு அவர் பக்கத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு நாளும் நான் அவர் அருகிலேயே இருந்து சாப்பிட்டும், எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்டதில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.