விழுங்கிக் காட்டிய கஞ்சி

மஸாஹிராவைப் பற்றி எங்கள் அக்குறணை ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சொல்லட்டும், நாக்குக்கு எலும்பா இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரி நான். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

அவளைக் கட்டிய மாப்பிள்ளை பஹீம் வேன் ஓட்டினவன். யாரோ ஏற்றிவிட்ட பெட்டிக்குள் போதைத்தூள் இருந்ததாம். எட்டு மாதமாக விளக்கமறியல் சிறையில் கிடக்கிறான். வழக்கு தவணைமேல் தவணையாகத் தள்ளிப்போகிறது. நோன்புக்கு முந்திய மாதம் பேச்சையே விட்டுவிட்டான். மனவருத்தத்துக்கு மருந்தென்று உள்ளே குளிசை கொடுக்கிறார்கள். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று இவள் கத்துவாள். அவன் சுவரைப் பார்ப்பான். இவளுக்கும் நித்திரை போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

நோன்பு மாதம் பிறந்த கிழமைதான் அவன் வாய் திறந்தான். "ஒண்ட கஞ்சில நோன்பு தொறக்க ஆசையா ஈக்கி" என்றான். தன் கைக் கஞ்சியைக் கேட்ட அந்த ஒரு பேச்சுக்கு அவள் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அடுத்த கிழமை பிளாஸ்கில் கஞ்சியோடு போனோம். அவள், பஹீமைப் பெற்ற வாப்பா, துணைக்கு நான். கஞ்சியில் எதுவும் கலக்கவில்லை என்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் குடித்துக் காட்ட வேண்டும் என்று வாசலில் காவலர் சிங்களத்தில் சொன்னார். நாக்கில் வைத்துத் துப்பினால் போதாதாம், விழுங்க வேண்டுமாம். நோன்பு என்றோம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்.

அன்று எனக்கு நோன்பில்லை. மாதாமாதம் பெண்களுக்குத் தொழுகையும் நோன்பும் விலக்கான நாட்கள் வருமே, அது. நான் இரண்டு மிடறு குடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பஹீமின் வாப்பா பக்கத்தில் நின்றாரே! ஆம்பிளைக்கு முன்னால் அதை எப்படிக் காட்டுவது? பாழாய்ப்போன வெட்கம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஸாஹிரா மூடியில் ஊற்றி விழுங்கினாள்.

வலைக்கு அப்பால் காவலர் நீட்டிய பிளாஸ்கைக் கண்டதும் பஹீம் சிரித்தான். உடனே முகம் மாறியது.

"ஆரு குடிச்சுக் காட்டின?"

அவளுக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிந்தாள்.

"என்னால ஒண்ட நோன்பும் போச்சா?"

பிளாஸ்கைக் காவலர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இவள் பேர் சொல்லிக் கத்தினாள். அவன் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் வாப்பா முன்னால் இருந்தார். காவலர் திருப்பித் தந்த பிளாஸ்கை மஸாஹிரா என் மடியில் வைத்தாள்.

"குடிங்க ராத்தா" என்றாள் மெதுவாக. "ஒங்களுக்குத்தான் இண்டைக்கு நோன்பில்லையே."