உள்ளங்கைப் புள்ளிகள்

ட்ரியோலே கரும்புத் தோட்டம் பின்னால் போய்விட்டது. கக்கத்தில் துணிமூட்டை, உடம்பில் இன்னும் மஞ்சள் வாசனை. தீமிதிக்குக் கட்டிய காப்புக் கயிறு மணிக்கட்டிலேயே இருந்தது. அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்க்கவில்லை. ரோஸ் ஹில் போய்ச் சேர மாலையாகும். அங்கே ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பம், பிள்ளை என்னுடையது. விஷயத்தை அவளிடம் சொல்லத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

காப்புக் கட்டிய இரண்டாம் நாள் என் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறப் புள்ளிகள் கண்டன. தோட்டத்துக் குடியிருப்பு முழுவதும் அம்மன் இறங்கிவிட்டாள் என்றது. என் கதவில் வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் ஊற்றினார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், ஆறு தோட்டங்களில் வேலை பார்த்து எதிலும் நிலைக்காதவன். என் காலைப் பெண்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அம்மை கண்டவன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காட்டியாக வேண்டும். அங்கிருந்த கம்பவுண்டர் கிரியோல் பேசும் தீவுக்காரர், தமிழும் தெரிந்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். கையை விரித்துப் பார்த்தார்.

“அரிக்குதா?”

“இல்ல.”

“காய்ச்சல், கொப்புளம்?”

“இல்ல.”

“முன்னாடி கீழே புண்ணு வந்துச்சா? வலிக்காத புண்ணு?”

அறுவடைக் காலத்தில் வந்தது. கரும்புத் தோகை கீறியது என்று விட்டுவிட்டேன். தானாகவே ஆறியது.

“ஆறினா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. இந்தப் புள்ளியும் தானா மறையும். நோய் உள்ளே உக்காந்திருக்கும்” என்று சொல்லி, இரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினார்.

தீ மிதிப்பதற்கு முந்தைய நாள் பதில் வந்தது. மேக நோய், அவர் சிஃபிலிஸ் என்றார். கர்ப்பிணி யாராவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

“அவ ரத்தத்தையும் பாக்கணும். இப்போ ஊசி போட்டா பிள்ளை தப்பும். விட்டா வயித்திலேயே செத்துப்போகலாம்.”

அந்தக் காகிதம் சர்தார் கை வழியாகத்தான் வந்திருந்தது. எங்களை வேலைக்கு ஏவும் அவர்தான் கோயிலுக்கும் தலைவர். மடைப்பள்ளிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“சாவுத் தீட்டுன்னு சொல்லிட்டுக் காப்பை அவுத்துடு. அம்மன் பேரைக் கெடுக்காதே.”

“நாளைக்கு இன்னொருத்தன் கையில இதே புள்ளி வந்தா? அவனுக்கும் வேப்பிலைதான் கட்டுவீங்களா?”

நான் முன்பக்கம் போய், பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: “இது அம்மன் இல்ல. மேக நோய். இந்த மாதிரிப் புள்ளி வந்தா ரத்தம் கொடுத்துப் பாருங்க.”

ஒருத்தி எழுந்துவிட்டாள். “அட பாவி, உன் காலையா நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன்!”

“காலைத் தொட்டா ஒட்டாது, அக்கா. சந்தேகமிருந்தா கம்பவுண்டரைக் கேளு.”

பிறகுதான் மூட்டையைக் கட்டினேன்.

ரோஸ் ஹில்லில் அவள் ஒரு கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தாள். கடைக்காரர்களுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, இரத்தம் கொடுக்க அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

“அந்த ஆஸ்பத்திரிக்குப் போற பொம்பளைங்களை என்ன சொல்லுவாங்கன்னு தெரியுமா? நோ, மோ பா பூ அலே. நான் வரமாட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல” என்று கிரியோலும் தமிழுமாக மறுத்தாள்.

“கையைக் காட்டு.”

சோப்பிலும் சோடாவிலும் ஊறித் தோலுரிந்த கை. அதில் எந்தப் புள்ளியும் தெரிய வழியில்லை.

“காலைக் காட்டு.”

விளக்கைக் கீழே பிடித்தேன். அதே செம்புப் புள்ளிகள்.

“ஈரத்துல நின்னு நின்னு வந்தது” என்றாள்.

“அப்போ எனக்கு? நான் எந்தத் துணி வெளுத்தேன்?”

தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “யார்கிட்டேயிருந்து?” என்று கேட்டாள்.

“துறைமுகத்துப் பக்கம் பொம்பளைங்ககிட்ட போனவன் நான்தான்.”

ஈரத்துணியால் தோளில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். நான் விலகவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “எத்தனை ஊசி?” என்றாள்.

“தினம் ஒண்ணு, பத்து நாளைக்கு. அப்புறம் பிள்ளை பிறக்குற வரைக்கும் அப்பப்போ ரத்தம் பாக்கணுமாம்.”

“நீ எந்த ஊர்ல ஒரு மாசம் சேர்ந்தாப்ல இருந்திருக்கே? பாதியில ஓடிடுவே. அந்த வரிசையில நான் தனியா நிக்கமாட்டேன். நீ இருந்தா வர்றேன்.”

இருக்கிறேன் என்றேன். நம்பிய முகமாக அவள் முகம் இல்லை.

காலையில் வரிசையில் நின்றோம். அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்த ஒருவனை, “நீ மட்டும் எதுக்கு வந்திருக்கே, பல்லு பிடுங்கவா?” என்று கேட்டேன். முக்காட்டுக்குள் அவள் சிரித்தது கேட்டது. தாதி அவள் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள். எனக்கு முதல் பென்சிலின் இடுப்பில் ஏறியது.

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிச் சாலைக்குக் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நொண்டியபடியே மேஸ்திரியிடம் போனேன். காய்ப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த மேஸ்திரியும் ஆள் எடுப்பதில்லை. உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். இரண்டையும் விரித்தேன்.

“காய்ப்பு சரி. இது என்ன புள்ளி?”

சொன்னேன். அரையடி பின்னால் நகர்ந்தார்.

“எத்தனை நாள் இருப்பே?”

“பிள்ளை பிறக்குற வரைக்கும். தினமும் ஊசிக்கு மட்டும் கொஞ்ச நேரம் விடணும்.”

பிறகு சுத்தியலைக் கையில் தராமல் தரையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.