அப்புத்தளைக்கு முன் ஒரு மலைச்சரிவு

மலைநாட்டு ரயிலில் எந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் என்னோடு வேலை செய்த ஒரு பெண். கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர்களில் நிற்போம். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் மட்டக்குளியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என்னைவிட வயதில் நன்றாக இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சொந்த ஊர் அப்புத்தளைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். வீடு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். ஒரே தங்கை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ரயில் என்றால் வீட்டுக்குப் பின்னால் கடற்கரையோரம் போகிற ரயில்தான். மலைநாட்டில் கண்டி வரைக்கும் பஸ்ஸில் போயிருக்கிறேன், அதற்கு அப்பால் போனதே இல்லை. அவளுக்கு அதை நம்பவே முடியவில்லை.

"யாழ்ப்பாணத்துக்கு எத்தன தடவ போயிருப்பீங்க? எங்க ஊருக்கு ஒருக்கா வர மாட்டேங்கிறீங்களே அக்கா."

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவள் அந்தப் பாதையைச் சொல்லிக்கொண்டு வருவாள். றம்புக்கணை தாண்டியதும் வலப்பக்கம். அங்கே பள்ளமும், தூரத்தில் மேசை போலத் தட்டையாக ஒரு மலையும் தெரியும். அட்டன் கழிந்தால் சிங்கமலைச் சுரங்கம். அதைத் தாண்டி அருவிகள் வரும், ஃபோனைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பட்டிப்பொலவுக்குப் பிறகு இன்னொரு சுரங்கம். அதற்கு இந்தப் பக்கம் மழை பெய்தால் அந்தப் பக்கம் வெயில் எறிக்கும். பிறகு இதல்கஸ்ஹின்ன, அங்கே இரண்டு பக்கமும் மலை இறங்கிப் போய்விடும், ரயில் ஒரு முதுகெலும்பின் மேல் நிற்கிற மாதிரி இருக்கும். "அதுக்கப்புறம் எங்க லயமே தெரியும் அக்கா. தங்கச்சிய வாசல்ல நிக்கச் சொல்றேன், கை காட்டுவா."

போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து ஒரு நீண்ட வார இறுதி வந்தது. இருவருக்கும் இரண்டாம் வகுப்பில் இடம் பதிந்தோம். அவளுடைய அம்மா எனக்காகக் கோழி வளர்ப்பதாகத் தகவல் அனுப்பினார்.

அந்த வாரம் தொடக்கத்திலிருந்தே மழை. கொழும்பில் எங்களுக்கு அது நனைந்த குடையும் தாமதமான பஸ்ஸும்தான். மலையில் வேறு மாதிரி. மண் சரியலாம் என்று தோட்டத்துச் சனங்களை முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய வீட்டாரும் போய்விட்டார்கள். அந்தச் செய்தியை அவள் எனக்கு நிம்மதியோடுதான் சொன்னாள்.

மறுநாள் காலை பார்மசியில் அவளுக்கு அழைப்பு வந்தது. அப்போது ஒரு கிழவருக்குப் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். குளிசைகளை உறையில் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதி, அதைச் சிங்களத்தில் அவருக்கு ஒருமுறை வாயாலும் சொல்லிக் கொடுத்தாள். அவர் படியிறங்கிய பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, லயம் போயிருச்சாம்."

முந்தின நாள் பின்னேரம் மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. மாற்றுத் துணியும் தங்கையின் பாடப் புத்தகங்களும் எடுத்து வரலாம் என்று அம்மாவும் தங்கையும் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மலை அந்த இடைவெளியில் சரிந்து வந்துவிட்டது.

அம்மாவின் உடலை அன்று மத்தியானமே மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். தங்கையைக் காணவில்லை.

உடனே போகப் பார்த்தாள். வீதி பல இடங்களில் மூடியிருந்தது, ரயிலும் ஓடவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, மூத்தவள் வரட்டும் என்று அப்பா காத்திருந்தார். அவள் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். கடைசியில் பாதை திறந்தபோது அது நாங்கள் இடம் பதிந்திருந்த அதே நாளாக இருந்தது.

"நீங்க எதுக்கு அக்கா? நான் போயிக்கிறேன்."

"பேசாமல் இரு. நானும் வாறன்."

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதால் காத்துக் கிடந்த உல்லாசப் பயணிகள் எல்லோரும் அன்று வந்துவிட்டார்கள். எங்களுக்கு எதிர் ஆசனத்தில் ஒரு இளம் தம்பதி, கொம்பனித்தெரு முஸ்லிம் பிள்ளைகள். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள்தான் என்பது அந்தப் பெண்ணின் மருதாணியிலேயே தெரிந்தது. எல்ல என்ற ஊர் வரைக்கும் போகிறார்களாம். ரயில் களனி ஆற்றைக் கடக்கும்போது ஆறு கரை முட்டிச் செம்மண் நிறத்தில் ஓடியது. அவன் அதைப் படம் பிடித்தான்.

பொல்காவலை தாண்டியதும் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "தாத்தா, நீங்க அந்தப் பக்கத்து ஆளா? நல்ல சீன் எந்தப் பக்கம் வரும், தெரியுமா?"

அவர்களுடைய பேச்சில் தாத்தா என்றால் அக்கா. எனக்குத் தெரியாது என்று சொல்லி அதை அங்கேயே முடித்துவிட நினைத்தேன். அதற்குள் இவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"றம்புக்கணை தாண்டினா வலப்பக்கம் பாருங்க. இப்ப வரும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. ரயில் மலை ஏறத் தொடங்கியது. பள்ளம் விழுந்தது. தட்டை மலை அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே நின்றது. மாதக் கணக்காக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது, பார்க்கவே பிடிக்கவில்லை. அழகாக இருந்ததால்தான் கோபம் வந்தது.

அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. கவுண்டரில் மருந்து சொல்லும் அதே குரல். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் பெட்டி இருண்டது. ஆட்கள் வழக்கம்போலக் கூச்சல் போட்டார்கள். அந்த இருட்டில் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. வெளிச்சம் வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். "அருவி வருது, ஃபோன எடுங்க," என்றாள். அருவி வெள்ளையாக இல்லை. மண்ணைக் கரைத்துக்கொண்டு தேநீர் நிறத்தில் விழுந்தது.

நானுஓயாவில் ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறியது. அந்தப் பெண் பொதியைப் பிரித்து ரோல்ஸ் நீட்டினாள். இவள் ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பட்டிப்பொலச் சுரங்கம் வரை வெளியே மழையும் மூடுபனியும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில். பெட்டி முழுவதும் "ஆ" என்றது. இவள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள்.

இதல்கஸ்ஹின்னவைத் தாண்டி ரயில் மெதுவாகப் போனது. பாதை இன்னும் முழுதாகச் சீராகவில்லை, அதனால் ஊர்ந்துதான் போனது. ஒரு வளைவில் எதிர் மலை முழுதாகத் தெரிந்தது. பச்சைத் தேயிலைக்கு நடுவே, உச்சியிலிருந்து அடிவரை, உரித்த தோல் போல ஒரு சிவப்பு. கீழே பொம்மைபோல ஒரு மஞ்சள் பெக்கோ இயந்திரம் மண்ணைக் கிண்டியது. ஒரு ஓரத்தில் பாதி கோயில் நிறம் மாறாமல் நின்றது. ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். எதிர் ஆசனத்துப் பையன் கையை வெளியே நீட்டி, உச்சியிலிருந்து அடிவரை நிதானமாக வீடியோ எடுத்தான்.

"தாத்தா, இது என்ன எடம்?" என்று அவன் மனைவி இவளைக் கேட்டாள்.

"அது எங்க ஊரு. எங்க அம்மா அங்கதான் போனாங்க. தங்கச்சி இன்னும் உள்ளதான் இருக்கா."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிக்கங்க, தெரியாது, அழிச்சிடுறேன்," என்று பையன் ஃபோனில் தேடத் தொடங்கினான்.

"அழிக்காதீங்க," என்றாள் இவள். "எனக்கு அனுப்புங்க."

அனுப்பினான். அப்புத்தளை வரும் வரை அவள் அந்த வீடியோவையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தத் தம்பதி எங்கள் பையைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டு, ரயில் நகரும் வரை வாசலிலேயே நின்றார்கள்.

அம்மாவை அன்றே அடக்கம் செய்தோம். பெட்டியைத் திறக்கவில்லை. அப்பா மெலிந்த, உயரமான மனிதர்; யாரோ கொடுத்த அளவில்லாத சட்டை போட்டிருந்தார். மகளைக் கண்டதும், "புத்தகம் எடுக்கத்தான் போனாங்க, மா," என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடக்கம் முடிந்த கையோடு இவள் மண் கிண்டும் இடத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பொறுப்பாக நின்ற இராணுவ அதிகாரியிடம் ஃபோனை நீட்டிச் சிங்களத்தில் கதைத்தாள். லயம் இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவர்கள் தோண்டிக்கொண்டு இருந்தார்கள். வீடியோவில், கோயில் நின்ற பாறையில் மோதி மண் இடப்பக்கம் திரும்பி, ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கியிருப்பது தெரிந்தது. கீழே நிற்கிறவருக்கு அது தெரியாது. அவர் இரண்டு முறை பார்த்தார். "நங்கி, இதை எங்கே எடுத்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. ரயிலிலிருந்து என்றாள். மறுநாள் காலை பெக்கோவை ஓடைக்கு மாற்றினார்கள்.

அங்கே இரண்டு பேரைக் கண்டெடுத்தார்கள். ஒருவர் அடுத்த லயத்துக் கிழவர். மற்றவர் அவருடைய மருமகள். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டபோது இவளும் அப்பாவும் ஓடினார்கள், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்கள். அந்தக் கிழவரின் மகன் வந்து இவள் காலில் விழப்போனான். "விடுங்க அண்ணே," என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். தங்கையின் ஒரு செருப்பு கிடைத்தது. அது அவளுடையதுதானா என்று அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. அப்பா இல்லை என்றார்.

விடுமுறை முடிந்து நான் கொழும்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். மண் இன்னும் நகர்கிறது, ஆட்களை அங்கே விட முடியாது என்றார்கள். அப்பாவை மட்டக்குளிக்குக் கூட்டி வருவதாக இவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அவர் மறுத்துவிட்டார்.

"சின்னவ இங்கன கெடக்கிறா. நான் எப்படி வாறது?"

அதனால் இவளும் வரவில்லை. அறையை விட்டாள். அவளுடைய துணிமணிகளை நான்தான் போய்க் கட்டி பஸ்ஸில் அனுப்பினேன். அப்புத்தளை டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. அப்பாவும் மகளும் இன்னும் தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள். வீடு தருவதாகச் சொன்னவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்குக் கருமாதி செய்தபோது, சின்னவளுக்கும் சேர்த்துச் செய்யும்படி ஊரார் கேட்டிருக்கிறார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மாதங்கள் போன பிறகும் அவர் காலையில் எழும்பி அந்தச் சரிவின் ஓரத்துக்குப் போய் உட்காருவார், மத்தியானம் மகள் சாப்பாடு கொண்டுபோய்க் கூட்டி வருவாள். இதையெல்லாம் அவள் ஃபோனில் எனக்குச் சொல்வாள். நான் ஓம் ஓம் என்று ஆமோதித்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன கிழமை அழைத்தாள்.

"அக்கா, நேத்து தங்கச்சிக்குச் செஞ்சிட்டோம்."

"அப்பா ஒத்துக்கொண்டாரோ?"

"அவருதான் சொன்னாரு. காலையில போயிட்டு உடனே திரும்பி வந்தாரு. அங்கன எல்லாம் புல்லு மொளச்சிருச்சு, எந்த எடம்னு தெரியலங்கிறாரு. அந்தச் செருப்ப வச்சுத்தான் செஞ்சோம்."

அவளுடைய கடைக்கு யாரோ வந்தார்கள் போல. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.