கொக்கியில் தொங்குவதற்கு யார் பொறுப்பு?

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் கல்யாணப் பேச்சு போல ஒன்று நடந்தது. பலகாரம், கோப்பி, எதிரெதிரே நாற்காலி... எல்லாம் உண்டு. ஆனால் பார்த்தது பெண் அல்ல – இன்சூரன்ஸ்!

என் மகன் ஆல்பர்ட் ஸ்கூடாயில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இப்போது நடுரோட்டில் படுத்துவிடும் கார்களை இழுத்து வர ஒரு டோ லோரி வாங்கியிருக்கிறான். யுனிவர்சிட்டி வந்ததிலிருந்து அந்த ரோட்டில் கார்களுக்குப் பஞ்சமில்லை. கார் என்று இருந்தால் படுக்காமல் இருக்குமா? லோரிக்கு இன்சூரன்ஸ் எடுக்க மாலதி என்ற ஏஜெண்டை வரச் சொல்லியிருந்தான். சின்ன வயசுப் பெண்தான். ஆனால் தொழிலில் கெட்டி.

"சாதாரண லோரி பாலிசி போதும்லா. எதுக்குத் தனியா ஒண்ணு?" என்றான் இவன்.

"அது உங்க லோரிய மட்டும்தான் பார்க்கும், அண்ணே. கொக்கியில தொங்குற காரைப் பார்க்காது. நீங்க இழுத்துக்கிட்டு வரும்போது கம்பி அறுந்து அந்தக் கார் நொறுங்கிப்போச்சுன்னா யார் பொறுப்பு? ரோட்டோரத்துல வேலை செய்யும்போது பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அடிபட்டா? டோ லோரிக்குன்னே இருக்கிற பாலிசியிலதான் இதெல்லாம் வரும்."

"அலமாக்! விலையும் தனியா இருக்குமே!" என்று அலறினான் ஆல்பர்ட்.

இரண்டு பேரும் பேரத்தில் இறங்கிவிட்டார்கள். எனக்கோ அந்தப் பெண் கேட்ட கேள்வியிலேயே மனசு நின்றுவிட்டது. கொக்கியில் தொங்குவதற்கு யார் பொறுப்பு? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மடக்க முடியாத வலது காலை வழக்கம்போல முக்காலியில் நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே ஞாபகம்.

அப்போது நாங்கள் சிகாமட்டில் இருந்தோம். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஜப்பான்காரன் ஆட்சி. எங்கள் தெருக்கோடியில் அந்தோணி அண்ணன் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மாதா கோயிலில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிற மனிதர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு கிரேன் லோரி இருந்தது. பள்ளத்தில் விழுந்த வண்டிகளைக் கொக்கி போட்டுத் தூக்குகிற லோரி. அந்த வட்டாரத்துக்கே அது ஒன்றுதான். அவர் மனைவி ரோசம்மா அக்காள் கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்துத்தான் அதை வாங்கினார்கள்.

அதற்கு இன்சூரன்ஸும் எடுத்து வைத்திருந்தார். ஆனால் வெள்ளைக்காரன் கப்பலேறியபோது கம்பெனிக்காரர்களும் கூடவே ஏறிவிட்டார்கள். பாலிசி இருந்தது, கம்பெனி இல்லை. ஓடுகிற வண்டி எது கண்ணில் பட்டாலும் ராணுவம் எடுத்துக்கொண்ட காலம். கிரேன் லோரி என்றால் விடுவார்களா?

அந்தோணி அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? லோரியைப் பிரித்துப் போட்டார்!

சக்கரம் இல்லை, ரேடியேட்டர் இல்லை, கிரேனில் கொக்கியும் இல்லை. மொட்டைக் கூடு மட்டும் கொட்டகையில் கிடந்தது. அதன்மேல் ரோசம்மா அக்காள் பூசணிக்கொடியை ஏற்றிவிட்டார். சிப்பாய்கள் வந்தார்கள், காலால் ஓர் உதை விட்டுப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு பொருளை என் கையில் கொடுத்தார். மேக்னெட்டோ. எஞ்சினுக்கு நெருப்புப்பொறி கொடுக்கிற சாமான்; அது இல்லாவிட்டால் லோரி வெறும் இரும்பு.

"தங்கச்சி, இது உன்கிட்டயே இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. எது நடந்தாலும் இத எடுத்துக்கிட்டு வரக் கூடாது. ஜப்பான்காரன் போன பிறகு நானே வந்து கேட்பேன்."

தலையாட்டினேன். அடுப்படியில் ஒரு பழைய பானையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். இத்தனை பெரிய ஊரில் என்னை மட்டும் நம்பினாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை! கோயிலில் மற்ற பெண்களைப் பார்க்கும்போது கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தேன்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. சிகாமட் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கரையைத் தாண்டிவிட்டது. என் வீட்டுக்காரர் சவரி அப்போது மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் கரிலோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் கிடைக்காத நாளில் அடுப்புக்கரி எரித்து ஓட்டினார்களே, அந்த ரகம். காலையில் போனவர் திரும்பவில்லை. அவரோடு மூட்டை தூக்கப் போனவர் ஓடிவந்தார்.

"ஆத்து வளைவுல லோரி சரிஞ்சுருச்சு! சவரி காலு அடியில மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை கவிழ்த்த பானைக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டு வரக் கூடாது என்று அண்ணன் சொன்னது ஞாபகம் இருந்தது. எடுத்துக்கொண்டுதான் ஓடினேன்.

கொட்டும் மழையில் அண்ணன் வீட்டு வாசலில் நின்று மெழுகுத்துணியை நீட்டினேன். "அண்ணே... இவரு ஆத்துல..."

அந்தோணி அண்ணன் என் கையைப் பார்த்தார். பிறகு கொட்டகையைப் பார்த்தார். லோரியை எழுப்பினால் அதோடு சரி, மறுபடி ஒளிக்க முடியாது. ரயில் ஸ்டேஷன் பக்கத்திலேயே ராணுவக் காவல். 'முடியாது' என்று சொல்லியிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

உள்ளேயிருந்து ரோசம்மா அக்காள் குரல் வந்தது. "என்னங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? ஹாரனை எடுங்க!"

அவர் பரணிலிருந்து லோரியின் ரப்பர் ஹாரனை எடுத்தார். கையால் அமுக்கினால் 'பாம்' என்று கத்துமே, அது. அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் லோரி என்று ஊருக்கே தெரியும். தெருவில் இறங்கி நின்று அமுக்கினார். பாம்... பாம்... பாம்...

அடுத்து நான் பார்த்ததை எழுத நினைத்து எத்தனையோ வாரம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

முதலில் கறிக்கடை காதர் பாய் வந்தார். கையில், அவர் கடையில் ஆட்டுத்தொடை தொங்குகிற பெரிய கொக்கி. அது கிரேன் கொக்கி! கறி கிடைத்த நாட்களில் அந்தக் கொக்கியிலிருந்து அறுத்ததைத்தான் நான் வாங்கிச் சமைத்திருக்கிறேன். எதிர்க் கோப்பிக்கடைச் சீன முதலாளி – தவுக்கே என்போம் – கதவுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார். அது எஞ்சினைச் சுற்றுகிற கைப்பிடி! கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்தார். சீனர்கள் தங்கள் நிழலுக்கே பயந்த நாட்கள் அவை. ஜப்பான்காரன் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருந்தான். அந்த மனிதர் ஓடிவந்தார்.

மாட்டுவண்டிக்காரர் சுப்பையா, வண்டியை நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். ரப்பர் சக்கரம் போட்ட மாட்டுவண்டி என்று ஊரே அவரைக் கேலி செய்யும். அது எந்த ரப்பர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீதிச் சக்கரங்களை மலாய்க்காரப் படகோட்டி பாக் மாட் உருட்டிக்கொண்டு வந்தார். படகு முட்டாமல் இருக்கத் துறையில் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். "செபாட்! செபாட்!" – சீக்கிரம், சீக்கிரம் என்று அவர்தான் எல்லோரையும் விரட்டினார். தெருக்கிணற்றுக் கப்பியை யாரோ கழற்றிக்கொண்டு வந்தார்கள். இத்தனை நாளும் கிரேன் கப்பியில்தான் தண்ணீர் இறைத்திருக்கிறோம்! ரேடியேட்டர் கோயில் மணிக்கூண்டிலிருந்து வந்தது. ரோசம்மா அக்காள் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தார். அது கிரேனின் கம்பிவடம். மறந்துபோன ஒரு துண்டு அதிலேயே சுற்றிக்கொண்டு வந்தது. பெட்ரோல் டின் கோழிக்கூண்டுக்கு அடியிலிருந்து வந்தது.

எங்கள் கண்முன்னாலேயே அந்த லோரி ஊரெல்லாம் இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து "உங்கிட்டயுமா?" என்று கேட்கக்கூட நேரமில்லை. என்னிடம் மட்டும்தான் என்று நினைத்தது நான் மட்டுமல்ல என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

எந்தச் சாமான் யார் வீட்டில் இருந்தால் கண்ணை உறுத்தாது, அடித்தாலும் யார் வாய் திறக்கமாட்டார்கள் – அத்தனையையும் யோசித்து, ஒவ்வொரு வாசலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் மனிதர். மாலதியைப் போல ஆயிரம் ஏஜெண்டுகள் வந்தாலும் அப்படி ஒரு இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

பூசணிக்கொடியை அறுத்தெறிந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பூட்டினார்கள். தவுக்கே கைப்பிடியைச் சுற்றினார். ஒரு முறை இருமியது... இன்னொரு முறை... பிறகு பிடித்துக்கொண்டது. நான் வாய்விட்டு அழுதேன்.

ஆற்று வளைவுக்குப் போனபோது தண்ணீர் இவர் மார்புவரை ஏறியிருந்தது. லோரிக் கதவுக்கு அடியில் கால். பாக் மாட் கொக்கியோடு தண்ணீருக்குள் முங்கினார். வெளியே வந்து இவர் தலையைத் தன் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். காதர் பாயும் தவுக்கேயும் கிரேனைச் சுற்றினார்கள். சுப்பையா சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கம்பிவடம் முறுக்கேறி முனகியது. அது அறுந்தால் மொத்த லோரியும் இவர்மேல்தான்.

"விட்ராதீங்க! விட்ராதீங்க!" என்று காதர் பாய் கத்தினார். யாரும் விடவில்லை. கரிலோரி மெல்ல மெல்ல மேலே எழும்பியது. நானும் பாக் மாட்டும் சேர்ந்து இவரை வெளியே இழுத்தோம்.

கால் தொங்கியது. நிறைய ரத்தம். ஆஸ்பத்திரி ராணுவக் காவலைத் தாண்டி இருந்தது.

"அண்ணே, நீங்க லோரிய ரப்பர் காட்டுக்குள்ள ஓட்டிருங்க. இவர நான் என் வண்டியில..." என்று ஆரம்பித்த சுப்பையா பாதியில் நிறுத்திவிட்டார். அவர் வண்டியின் சக்கரங்கள்தான் லோரியில் இருந்தனவே!

அந்தோணி அண்ணன் சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் சிரித்தார்! "ஏறு, தங்கச்சி," என்றார்.

நேராகக் காவலை நோக்கி ஓட்டினார். சிப்பாய்கள் மறித்தார்கள். இவர் காலைப் பார்த்தார்கள், கிரேனையும் பார்த்தார்கள். ஒருவன் படியில் தொற்றிக்கொண்டு 'போ' என்று கை காட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் இவரை இறக்கியதும் அவன் அண்ணன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பிறகு லோரிக் கைப்பிடிக்காகக் கையை நீட்டினான். அண்ணன் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்தே போனார். அக்காள் வாசலில் நின்றுகொண்டிருந்தாராம்.

"போச்சா?"

"போச்சு."

"சவரி?"

"இருக்கான்."

அக்காள் உலை வைக்கப் போய்விட்டாராம். பிறகு ஒருநாள் நான் அண்ணன் காலில் விழப் போனேன். "என்னாலதானே அண்ணே..." என்றேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"தூக்குறதுக்குத்தானே வாங்கினேன், தங்கச்சி? ஒளிச்சு வெக்கிறதுக்கா வாங்கினேன்?"

லோரி திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நாள் தெருக்கிணற்றில் கப்பி இல்லாமல் கையால்தான் தண்ணீர் இறைத்தோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். பெரிய மனிதர்கள் என்று சொல்லப்படுபவர்களையும் பார்த்துவிட்டேன். அந்த மழையில் சாமானோடு ஓடிவந்தவர்களுக்கு முன்னால் நின்றபோது ஏற்பட்ட பிரமிப்பு வேறு எங்கேயும் எனக்கு வந்ததில்லை.

சரி, ஹாலுக்கு வருவோம். பேரம் முடிகிறபாடில்லை. விலை குறைந்த பாலிசியின் பக்கமே ஆல்பர்ட் சாய்ந்துகொண்டிருந்தான். அப்போது இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம். தூக்கப் போனா லோரியே கைவிட்டுப் போயிடும்னு நல்லா தெரியுது. தெரிஞ்சும் ஒருத்தன் போறான். அதுக்கு உங்க கம்பெனியில கவர் இருக்கா?"

மாலதி சிரித்தாள். "தெரிஞ்சே போனா எந்தக் கம்பெனியும் ஒண்ணும் தராது, அங்கிள். ஆனா அப்படியெல்லாம் யாரு போவாங்க?"

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன் ஆல்பர்ட். அப்பாவின் நீட்டிய காலைப் பார்த்தான்.

"கொக்கியில தொங்குறதுக்கும் சேர்த்து முழுசாவே போட்டுருங்க, மாலதி."

"நிச்சயமாவா அண்ணே? இப்பதானே விலை கூடன்னு..."

"போடுங்கலா. எங்கப்பா உயிரு ஒரு தடவை அதுல தொங்கியிருக்கு."